மூன்று கோடு இல்லாத அணில்

முப்பது வருடமாகப் பெண்கள் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். உள்ளூர் விலங்குகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற மலை அணிலைக் கரும்பலகையில் வரைவேன். வாலை முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து கேள்வி வந்துவிடும்: "நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்?" நான் பிறந்து வளர்ந்தது ராஜபாளையம். சரணாலயம் அங்கிருந்து இருபது கிலோமீட்டர். பார்த்ததில்லை. வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். கடைசி வகுப்பிலாவது "பார்த்தேன்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான், பிப்ரவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மதுரையிலிருந்து கிளம்பினோம்.

"கிளம்பினோம்" என்பதில் என் வீட்டுக்காரரும் அடக்கம். அருப்புக்கோட்டைக்காரர், நூல் வியாபாரம். காடு, மிருகம் எதிலும் அவருக்கு ஈடுபாடு கிடையாது. புதிதாக வாங்கிய வெள்ளைக் காரை நீளமாக ஓட்டிப் பார்க்கும் ஆசையில் வந்தார். ராஜபாளையம் எண்பத்தைந்து கிலோமீட்டர்தான். இரண்டு மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு, போன் வரும்போதெல்லாம் ஓரங்கட்டி, நாற்பதாம் நம்பர் நூலுக்கு விலை பேசி, மூன்றரை மணி நேரம் ஆக்கினார்.

தங்கியது ராஜபாளையத்தில் என் அக்கா வீட்டில். இந்த ஊருக்கு விலங்கு பார்க்க வந்தேன் என்றால் நாய்க்குட்டி வாங்க வந்ததாகவே நினைப்பார்கள். அக்காவும் விதிவிலக்கல்ல. அணில் என்று விளக்கியதும் இன்னும் குழம்பினாள். "அணிலப் பாக்கவா இம்புட்டு பெட்ரோல் போட்டு வந்தீய? நம்ம முருங்கையில நாலு ஓடுதே" என்றாள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

கிளம்பியது ஏழே முக்காலுக்கு. இட்லி சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று அக்கா. நேற்று படிந்த தூசியோடு காரை எடுக்க மாட்டேன் என்று இவர். பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும், பால்கோவா சூடாக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்று மறுபடியும் இவர். ஊரிலிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர் சொச்சம் போனால் செண்பகத்தோப்பு. நாங்கள் சேர்ந்தபோது ஒன்பதேகால். வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது.

சரணாலய வாசலில் இருந்த வனக்காவலர் பொறுமையான மனிதர். "உள்ள விட மாட்டோம்மா. காடு காஞ்சு கெடக்கு, தீப்பிடிக்கிற நேரம். இந்தத் தோப்போரமாவே அணில் வரும். ஆனா வெயிலு ஏறுனா அது படுத்துரும். நாலு மணிக்கு மேல வாங்க" என்றார். ஐந்தரைக்குக் கிளம்பியிருந்தால் பார்த்திருக்கலாம் என்பதை இவரிடம் சொன்னேன். "அதான் சாயங்காலம் வரச் சொல்றாருல்ல" என்றார்.

சாயங்காலம் திரும்பி வந்தோம். நல்ல வேளையாக, தோப்பில் புளி உலுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்ற அம்மா கிடைத்தார். அவருக்கு அந்த அணில்மேல் பிரியம் ஒன்றும் இல்லை. "நாங்க திங்கிறதுக்கு முந்தி அது தின்னுட்டுப் போயிருது. பாக்கணும்னா வாங்க, கூடு காட்டுதேன். சத்தம் மட்டும் ஆகாது" என்றார். புளிய மர நிழலில் காரை நிறுத்திவிட்டு, "எனக்கு ஒரு போன் பேசணும், நீ போ" என்றார் இவர். எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. சத்தம் போடுகிறவர் கூட வராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கால் கிலோமீட்டர் நடந்தோம். ஒரு மருத மரத்தின் கவட்டையில், குச்சியும் இலையுமாகப் பெரிய கூடு. அதன்கீழ் அண்ணாந்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கழுத்து இறுகிப்போனது. கொசு கடித்தது. கூட்டில் ஒரு இலைகூட அசையவில்லை. கிடைக்கிறது கிடைக்காமல் போகாது என்று பேச்சியம்மாள் ஆறுதல் சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தார்.

காரடியில் இவர் கோபமாக நின்றிருந்தார். துணியை வைத்து பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிழல்னு நிறுத்துனது தப்பாப்போச்சு. மேல இருந்து புளியங்காய உரிச்சு உரிச்சுப் போட்டுருச்சு. மரநாயோ என்னமோ. கையத் தட்டி வெரட்டிவிட்டேன்."

எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பூனை தண்டி இருக்கும். மூக்கு ரோஸ் கலரு. வாலு உடம்பவிட நீளம், நரைச்ச மாதிரி. பின்னங்காலால கெளையப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கிக்கிட்டு, ரெண்டு கையிலயும் புளியங்காய வச்சுத் தின்னுச்சு. பத்து நிமிஷம் இருக்கும்."

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதத்தான் அய்யா, அம்மா தேடிக்கிட்டுப் போனாவ."

"அணிலா? முதுகுல மூணு கோடு இல்லியே" என்றார் இவர்.

இருட்டும்வரை அதே மரத்தடியில் நின்றோம். விரட்டப்பட்டது திரும்பி வரவில்லை. ராஜபாளையம் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். எரிச்சலில் அழுகையே வந்தது. அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இவர்தான் பேசினார்: "ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் முப்பது வருஷமாச் சொன்னியே. எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

நீங்கள் என்றைக்காவது கேட்டீர்களா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம்.

ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு என்னை எழுப்பியது இவர். போனை அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டு வந்தார். காரைத் தோப்புக்கு வெளியே நிறுத்தி, ஆறு மணிக்குப் புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம். எட்டு மணிவரை இவர் பேசவில்லை, இருமக்கூட இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு இரண்டு மணி நேரத்தை நான் கண்டதில்லை. அணில் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விடிவதற்குள் அங்கே இருங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல் போங்கள். கோடையில் உள்ளே விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பால்கோவாவைத் திரும்பும்போது வாங்கலாம், அது எங்கும் ஓடிவிடாது. காய்த்த புளிய மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள். உங்களோடு வருகிறவருக்கு, காரை விட்டு இறங்கும் முன்பே, அந்த அணிலுக்கு மூன்று கோடு இருக்காது என்று சொல்லிவிடுங்கள்.

கடைசி வகுப்பில் அந்தக் கேள்வி வரும். "இல்லை, எங்க வீட்டுக்காரர் பார்த்தார்" என்பதுதான் என் பதில். எப்படி இருந்தது என்று அடுத்து கேட்பார்கள். அதைச் சொல்ல அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.