ஆனைக்குட்டத்து வெள்ளைக் குதிரை

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. விறகு பொறுக்க நானும் என் வீட்டுக்காரரும் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் போயிருந்தோம். தண்ணீர் வற்றி நடுவில் கொஞ்சம்தான் கிடந்தது. சுற்றிலும் சேறு. மேலே காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் உள்ளே இழுக்கும்.

அங்கே ஒரு குதிரைக் கூட்டம் திரியும். ஒரு காலத்தில் கல்யாண ஊர்வலத்துக்கும் காதுகுத்துக்கும் போன குதிரைகள். கொரோனா சமயத்தில் விசேஷங்கள் நின்றுபோக, தீனி போட முடியாதவர்கள் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார்கள். அவை காட்டிலேயே குட்டி போட்டுப் பெருகிவிட்டன. சோளத்தை மேய்கின்றன என்று மனு கொடுத்தால், ஒவ்வொரு அலுவலகமும் இன்னொன்றைக் கை காட்டும். ஒரு தடவை கயிறு வீசிச் சிலவற்றைப் பிடித்து லாரியில் ஏற்றிப் போனார்கள். அதிலிருந்து கயிற்றைக் கண்டாலே மற்றவை மிரளும்.

கூட்டத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரைதான் போகும். அது வாய் வைத்த பிறகுதான் மற்றவை தண்ணீர் குடிக்கும்.

அன்றைக்கு ஊருக்குள் ஒரு கல்யாண வீட்டில் சரவெடி கொளுத்தினார்கள். காட்டில் பிறந்தவை எல்லாம் தெறித்து அக்கரைக்கு ஓடிவிட்டன. வெள்ளைக் குதிரை மட்டும் அசையவில்லை. ஊர்வலத்தில் எத்தனை வெடி கேட்ட காது! ஆனால் அதன் குட்டி மிரண்டுபோய் நேரே சேற்றுக்குள் பாய்ந்துவிட்டது.

வயிறு வரை புதைந்துவிட்டது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை என் வீட்டுக்காரர் கூட்டி வந்தார். கயிற்றோடு நெருங்கியதும், தாய் காதை மடித்துக்கொண்டு கடிக்கப் பாய்ந்தது. கிட்டவே விடவில்லை. காப்பாற்றத்தான் வந்தோம் என்று அதற்கு எப்படிச் சொல்வது?

மீன்காரர் ஒருவர், "இதை விட்டுட்டுப் போனவரை எனக்குத் தெரியும். சாத்தூர்க்காரரு" என்று போன் போட்டார்.

அவர் மொபெட்டில் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறி, குட்டியின் தலை தொங்கிவிட்டது. மெலிந்த மனிதர். கரையில் நின்று நாக்கைச் சுண்டி ஒரு சத்தம் கொடுத்தார். வெள்ளைக் குதிரை காதை நிமிர்த்தியது. மெல்ல நடந்துவந்து அவர் நெஞ்சில் முகத்தை வைத்தது.

"இன்னும் என்னைய மறக்கலியா தாயி?" என்று அதன் பிடரியைத் தடவினார்.

அவர் அதைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் விறகையெல்லாம் சேற்றில் பரப்பி, அதன் மேல் படுத்துக் குட்டியை இழுத்தோம். கரைக்கு வந்ததும் அவர் குட்டியின் மூக்கிலிருந்த சேற்றைத் துடைத்து வாயில் தண்ணீர் விட்டார். ஒரு தடவை தலையைத் தூக்கியது. அவ்வளவுதான், மூச்சு நின்றுபோனது. தாய் அதை மூக்கால் முட்டி முட்டி எழுப்பிப் பார்த்தது.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, இதையாவது கூட்டிட்டுப் போயிருங்களேன்" என்றேன்.

"எங்கனம்மா கூட்டிட்டுப் போக? நானே இப்பம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்கேன். இருக்கது ஒத்த ரூம்பு வாடகை வீடு. கட்டிப்போட்டு பட்டினியா சாகடிக்கவா?"

அவர் மொபெட்டைக் கிளப்பினார். வெள்ளைக் குதிரை குட்டியை விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தது. அவர் வேகம் கூட்டினார். அதுவும் ஓடியது. தார்ச்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். குனிந்து ஒரு கல்லை எடுத்து அதன் மேல் எறிந்தார்.

"போ! போயிரு தாயி, போயிரு!"

கல் அதன் கழுத்தில் பட்டது. அது நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் கம்பெனி வேனில் போகும்போது பார்த்தேன். வெள்ளைக் குதிரை அதே இடத்தில், சாத்தூர் திசையைப் பார்த்தபடி நின்றது. அதற்கப்புறம் ஒரு நாள் பார்த்தபோது அது அங்கே இல்லை. யாரிடம் கேட்பது?

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை; ஆனால் 'அவிழ்த்துவிட்டா அதுக பாட்டுக்குப் பொழச்சுக்கிடும்' என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் என்னால் தலையாட்ட முடிவதில்லை.