மாப்பிள்ளை வீட்டுக்குச் சுட்ட இஞ்சி பிஸ்கட்

என்னைப் பார்க்க வர இருந்த மாப்பிள்ளையின் உம்மா மூன்று மாதம் லண்டனில் இருந்துவிட்டு வந்தவா. அங்கே மகளுக்குப் பிள்ளை கிடைத்தது, பேறு பார்க்கப் போனா. மூன்றே மூன்று மாதம்தான். கதையைக் கேட்டால் அங்கேயே பிறந்து, வழி தவறிக் கல்முனைக்கு வந்த ஆள் மாதிரி இருக்கும். இங்கிலாந்து இஞ்சி பிஸ்கட் இல்லாமல் இப்போது தேத்தண்ணி இறங்குதில்லையாம். தரகர் காக்கா இதைச் சொன்னதும் எங்கட உம்மாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

எனக்கு வேறு கவலை. எங்கட பக்கம் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வருவார். வருகிறவருக்குச் சொந்தமாக ஒரு வாய் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் அல்லாஹ்விடம் கேட்டது. படத்தில் ஆள் நல்லாத்தான் இருந்தார். பொய் என்னத்துக்கு, எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பிஸ்கட் சுடும் வேலையை எனக்கு மூத்தவ, ராத்தா எடுத்தா. அவட கலியாணத்துக்கு வந்த ஒவன் சட்டி அடுக்குகிற இடமாகக் கிடந்தது. அதைத் துடைத்து, போனில் ஒரு வெள்ளைக்காரியின் வீடியோவைப் போட்டு, மாவும் பட்டரும் சீனிப்பாணியும் பிசைந்தாச்சு. இஞ்சித்தூள் எங்கே? இல்லை. ராத்தாவுக்குப் பிள்ளை கிடைத்து நாற்பது நாள் கழிந்து கொஞ்ச நாள்தான், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள் அரைப் போத்தல் மிச்சம் இருந்தது.

"இதிலயும் வேர்க்கொம்புதானே கிடக்கு, போடு மகள்" என்றா உம்மா.

வேர்க்கொம்பு, அதான் சுக்கு, கிடந்ததுதான். கூடவே மிளகு, ஓமம், மஞ்சள், உள்ளி, பெருங்காயம் எல்லாம் குடும்பத்தோடு குடியிருந்தன. வேணாம் என்று நான் கத்தினேன். கலியாணப் பொண்ணுட கதையை யார் கேட்டது?

ஒவன் சூடாக, ஒழுங்கை முழுக்கப் பேறுகால வாசம். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டி, "ஆருக்குப் புள்ள கிடைச்சிருக்கு?" என்று கேட்டா. கேட்டுவிட்டு என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தா பாருங்கள், யா அல்லாஹ்! எனக்கு அந்தத் தட்டோடு கடலில் போய் விழலாம் போல இருந்தது.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். லண்டன் உம்மா ஒன்றைக் கடித்து, கண்ணை மூடினா.

"மாஷா அல்லாஹ்! அச்சொட்டா அங்கத்த பிஸ்கட். இங்க உள்ள ஆக்களுக்கு இந்த ருசி விளங்காது."

அக்கரைப்பற்றைத் தாண்டாத தரகர் காக்கா இருமி, கண்ணால் தண்ணி வடிய, "ஓம் ஓம், லண்டனேதான்" என்றார். எங்கட உம்மாவும் வெட்கமே இல்லாமல் தலையாட்டினா.

மாப்பிள்ளையும் கடித்தார். முகம் கோணிப் போய், சிரித்துவிட்டார்.

"உம்மா, இது நீங்க லண்டனுக்குத் தங்கச்சிக்குக் கட்டிக்கொண்டு போன சரக்கல்லவா?"

திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இந்த மனிசன்தான், வேறு ஆள் வேணாம், இப்பவே நிக்காஹ்வை முடியுங்கள் என்று சொல்லத் தோன்றியது.

அவர் உம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தா.

"இல்ல… ஓம் உம்மா" என்றார் அவர். "அங்கத்த பிஸ்கட்தான்." மிச்சத்தையும் மென்று விழுங்கி, இன்னொன்றையும் எடுத்தார்.

வாப்பா உள்ளே வந்தார். "அவங்களுக்குச் சம்மதம் மகள். உனக்கு?"

"வேணாம் வாப்பா."

உம்மா தலையில் அடித்துக்கொண்டா. "விசராடி உனக்கு? ஒரு பிஸ்கட்டுக்காக மாப்பிள்ளையை விடுறதா?"

எனக்கு அழுகை வந்தது. பிடித்த முகமல்லவா.

"பிஸ்கட்டுக்காக இல்ல உம்மா. நாளைக்கு நான் இந்த வீட்டில அழுதுகொண்டு இருப்பன். இவர்ட உம்மா 'அவ சிரிக்கிறா' எண்டு சொன்னா, இவர் என்ட முகத்தைப் பார்த்துக்கொண்டே 'ஓம் உம்மா' எண்டு சொல்லுவார்."