கையால் அடைத்த ரவைகள்

துப்பாக்கி ரவை விற்பது காதுக்கு நல்ல தொழில் அல்ல. அதிலும் என் காதுக்கு. சுடும் சத்தத்தை யாழ்ப்பாணத்தில் எல்லோரும்தான் கேட்டோம். எனக்கு மறக்காதது அதற்குப் பின்னால் வருவது. எங்கள் ஒழுங்கையின் சீமெந்துத் தரையில், சுட்டுக் கழிந்த ரவைகளின் வெற்றுக் கோதுகள் விழுந்து உருளும் சத்தம். யாரோ கொலுசைக் கழற்றி மெல்ல வைத்ததுபோல இருக்கும். கட்டிலுக்குக் கீழே படுத்தபடி, இந்தச் சத்தம் இவ்வளவு அழகாக இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறேன்.

இன்று மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம், ஒரு வேட்டைச் சாமான் கடையில் அதே பித்தளைக் கோதுகளைப் பையில் போட்டு விற்கிறேன். என்னை வேலைக்கு எடுத்தது தூண்டில் பகுதிக்கு. ரவைப் பகுதியில் நின்ற பெண் பிள்ளைப்பேற்று விடுமுறையில் போனபோது, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி மாற்றினார்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய எல்லோருக்கும் இந்தக் கொஞ்ச நாள் தெரிந்திருக்கும். நீங்கள் சப்பாத்து விற்றிருக்கலாம், கொத்துரொட்டி விற்றிருக்கலாம். பிழையானதைக் கொடுத்தால் உங்கள் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை பிடிப்பார். என்னுடையவர் வராமலே போய்விடலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடையில் பிரெஞ்சில் பேசியதையும் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது.

எது நல்ல ரவை?

இலையுதிர் காலம் தொடங்கியதும் இந்தக் கேள்வியோடு வருவார்கள். மான் வேட்டைக்கு இன்னும் சில வாரம்தான். ரைபிள் குறி தப்புகிறது, ஆகவே விலை கூடிய ரவை கொடு என்பார்கள். முதலில் அனுமதி அட்டையைப் பார்ப்பேன். பிறகு, எந்தப் பெட்டி நல்லதென்று எனக்குத் தெரியாது, அது உங்கள் ரைபிளுக்குத்தான் தெரியும் என்பேன். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி வாங்கிய இரண்டு ரைபிள்களுக்கு இரண்டு விதமான ரவை பிடிக்கும். குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் முறுக்கு, ஒரு நிறைச் சன்னத்தை, அதாவது ரவையின் பறந்துபோகும் ஈய முனையை, நேராக அனுப்பும், இன்னொரு நிறையைத் தள்ளாட விடும்.

ஒரு பெரிய மீசைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வெவ்வேறு நிறையில் மூன்று பெட்டி எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கடதாசியில் சுடுங்கள், இடையில் குழலை ஆறவிடுங்கள், எது துளைகளை நெருக்கமாகப் போடுகிறதோ அதையே எப்போதும் வாங்குங்கள் என்றேன். அவர் மூன்று பெட்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"மதாம், கலியாணம் கட்டேக்கைகூட நான் இவ்வளவு சோதனை வைக்கேல்லை."

எல்லாவற்றையும் மாற்றிய தம்பி

விக்னேஷ் சென்னைப் பிள்ளை. டவுன்டவுனில் மென்பொருள் வேலை. குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்து, ரவையைத் தானே அடைக்கத் தொடங்கியிருந்தார். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுட்ட பின் மிஞ்சும் கோதைத் துப்புரவாக்கி, அடியில், தட்டியதும் தீப்பொறி விடும் புதிய தீக்குமிழை வைத்து, வெடிமருந்தை நிறுத்து ஊற்றி, வாயில் சன்னத்தை அழுத்திப் பொருத்துவார்கள். தொழிற்சாலை எல்லா ரைபிளுக்கும் பொதுவாகச் செய்கிறது. இவர்கள் ஒரு ரைபிளுக்கு மட்டும் அளவெடுத்துத் தைக்கிறார்கள்.

விக்னேஷ் தன் கடதாசியைக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்தார். துளைகள் அம்மை போட்டதுபோலக் கிடந்தன. போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். புதிய சன்னம், புதிய மருந்து, வேறு கம்பனிக் கோது, சன்னத்தை இறக்கிய ஆழமும் வேறு. ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்தது என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ ஆன்ட்டி, இதையேதான் நான் ஆபீஸ்ல தினமும் ஜூனியர்ஸைத் திட்டுறேன்!"

முசியே மார்செலின் கடதாசி

இனிச் சொல்வது முழுவதும் ஒருவரைப் பற்றியது. முசியே என்றால் ஐயா; முசியே மார்செல் நிலத்தடி மெத்ரோ ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். கடைக்கு நாலு தெரு தள்ளி வீடு, பேஸ்மண்டில் ரவை அடைக்கும் மேசை. எப்போதும் அதே மருந்து, அதே சன்னம், அதே கம்பனிக் கோது. சட்டைப் பையில் நாலாய் மடித்த கடதாசி ஒன்று இருக்கும். நூறு மீற்றர் தூரத்தில் மூன்று சூடு; மூன்று துளையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சின்ன நெல்லிக்காயளவு நிற்கும். பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுகிறவர்போல அதை விரித்துக் காட்டுவார்.

அவரோடு வேட்டைக்குப் போகிறவர் எங்கள் கடை நகுலன். சாமான் அடுக்குகிற பகுதியில் வேலை, ஊர் சாவகச்சேரி, என்னை அக்கா என்பார். இந்த ஊரில் எனக்கென்று மிஞ்சியிருக்கும் தம்பி அவர் ஒருவர்தான். கோயில் திருவிழாவில் காவடிக்கு முன்னால் நிற்கிற மனிதர், கார்த்திகை மாதம் செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு காட்டுக்குள் மானுக்குக் காத்திருப்பார். மார்செலின் கடதாசியை எத்தனை தரம் பார்த்தாலும் அவருக்கு அலுக்காது.

"அக்கா, உந்த மனுசன் துப்பாக்கியாலை தையல் தைக்குது."

இரண்டு டின்

போன வருடம் கோடை முடிய மார்செல் மருந்து வாங்க வந்தார். தானே தட்டிலிருந்து ஒரு டின்னை எடுத்து வந்து வைத்தார். விலையடிக்கும்போதுதான் பார்த்தேன், அது அவருடைய மருந்து அல்ல. பக்கத்தில் இருந்தது. ஒரே கம்பனி, ஒரே நிறம், ஒரே உயரம். எழுத்து மட்டும் வேறு. அவருடையது ரைபிளுக்கான, மெதுவாக எரிகிற மருந்து. கொண்டு வந்ததோ கைத்துப்பாக்கிக்கானது, கண்மூடித் திறக்க முன் எரிவது. ரைபிள் கோதுக்கு அதை அதே நிறையில் ஊற்றினால் சன்னம் வெளியே போவதற்குள் ரைபிள் வெடிக்கும். சுடுகிறவரின் கன்னம் அதில்தான் சாய்ந்திருக்கும்.

நான் போய் மாற்றி எடுத்து வந்தேன். இது கைத்துப்பாக்கி மருந்து, முசியே, என்றேன் மெதுவாக. அவர் சிரித்தார். முன்பு ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தாராம், அதை விற்றுவிட்டாராம், அந்த மருந்து டின் இன்னும் மேசையில் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறதாம். கடையில் நான் நிற்கிறேன். அந்த பேஸ்மண்டில் யார் நிற்கிறார்கள்?

போகும்போது கதவடியில் நின்று, கடை முதலாளிக்குக் கேட்கும்படி சொன்னார்.

"இந்தக் கடையிலை லைற் காணாது, மதாம். நல்ல குமிழ் போடச் சொல்லுங்கோ."

மறுக்கத் தெரியாத சனம்

அன்று மத்தியானம், சாப்பாட்டு அறையில், நகுலனிடம் சொன்னேன். அந்த மனிதருக்குக் கண் தெரியவில்லை, இந்த முறை அவர் பக்கத்தில் நிற்காதே என்றேன். நகுலன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. அவர் பக்கத்தில் நிற்பது மட்டுமல்ல, தனக்கும் ஒரு பெட்டி அடைத்துத் தந்திருக்கிறார் என்றார். இருவரின் ரைபிளும் ஒரே அளவு ரவை எடுக்கும். பெட்டி வேட்டைப் பைக்குள் தயாராக இருக்கிறதாம்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையால் அடைத்த ரவையை இன்னொருவர் சுடமாட்டார். அண்ணன் தம்பியானாலும் மாட்டார். யார் கொடுத்தாலும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள், அதில் கோபம் கிடையாது. ஆனால் எங்கள் சனத்துக்கு அது முடியாது. ஒரு வயது போனவர் தன் கையால் செய்ததை நீட்டினால், வயிறு நிறைந்திருந்தாலும் இரண்டு கையாலும் வாங்குவோம். நகுலன் ரவையையும் அப்படித்தான் வாங்கியிருந்தார், பலகாரத் தட்டை வாங்குவதுபோல. கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்போமா என்றேன். கோதுக்குக் கோது நிறை மாறும், பூட்டிய ரவையை நிறுத்து உள்ளே என்ன மருந்து என்று அறிய முடியாது என்றார். அது எனக்கும் தெரியும். கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.

"மனுசன் குந்தியிருந்து எனக்கெண்டு அடைச்சுத் தந்தது. அதைக் கழட்டிப் பாத்திட்டு, பேந்து எந்த முகத்தோடை அந்தாளோடை காட்டுக்குப் போறது?"

வாசியுங்கோ

அதன் பிறகு அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. பையில் அல்ல, மண்டைக்குள். பேருந்தில் ஏறினால் யாருடைய கன்னத்தையும் பார்க்க முடியவில்லை. வேட்டை தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது மார்செல் தீக்குமிழ் வாங்க வந்தார். நகுலன் கவுண்டரின் மறுமுனையில் கையுறைகளைக் கொக்கிகளில் கொளுவிக்கொண்டிருந்தார். நான் போய்க் கைத்துப்பாக்கி மருந்து டின்னை எடுத்து வந்து மார்செலுக்கு முன்னால் வைத்தேன். நான் படித்தது இலக்கியம். யாரையும் இப்படிச் சோதிக்க அதில் சொல்லித் தரவில்லை.

"முசியே, இதிலை என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசியுங்கோ" என்றேன். அவர் டின்னைக் கையில் எடுத்தார், கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், சிரித்தபடி தன் வழக்கமான மருந்தின் பெயரைச் சொன்னார். எண்ணும் எழுத்தும் ஒன்றும் தவறாமல், பாராமல் ஒப்புவிப்பதுபோலச் சொன்னார். நகுலன் கையில் இருந்த கையுறை அப்படியே நின்றது.

நான் அவருடைய வழக்கமான டின்னையும் எடுத்து வந்து முன்னால் வைத்தேன். அதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. கையில் இருந்த டின்னை மெல்ல, சத்தமே வராமல் கவுண்டர் கண்ணாடியில் வைத்தார். திரும்பி நகுலனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"முப்பது வருசம் மெத்ரோ ஓட்டினன், மதாம். ஒரு சிவப்பு லைற்றையும் நான் தாண்டினதில்லை."

ஒரு வெள்ளைக் கோப்பை

பெட்டியைத் திருப்பித் தா என்று கேட்டது மார்செல்தான். நகுலன் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த ஞாயிறு தானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ரவையைக் கழற்ற ஒரு சுத்தியல் உண்டு. உள்ளே ரவையை வைத்துத் தரையில் ஓங்கி அடித்தால் சன்னம் வேறு, மருந்து வேறாகக் கழன்று விழும். மார்செல் அடித்தார், நகுலன் ஒவ்வொன்றின் மருந்தையும் ஒரு வெள்ளைக் கோப்பையில் கொட்டிப் பார்த்தார். ரைபிள் மருந்து சின்னக் குச்சிகள்போல இருக்கும். மற்றது தட்டையான செதிள்.

திங்கள் காலை கடை திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். மார்செலின் மனைவி பட்டாணி சூப் தந்ததாகவும், அது நல்ல சூப் என்றும் நகுலன் சொன்னார். நான் சூப்பைக் கேட்கவில்லை என்றேன். ஒன்றில் குச்சிகள் இல்லை, வெறும் செதிள் என்றார். ஒன்றில் மட்டுமா என்று கேட்டேன். அவர் அங்கியைக் கழற்றிக் கொளுவிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அதைக் கேளாதேங்கோ அக்கா. நான் இந்தக் கண்ணாலை பாத்தன், இந்தக் கண் இன்னும் எனக்கு இருக்கு. அது போதும்."

அந்த வேட்டைக்கு இருவரும் கடையில் வாங்கிய ரவையோடு போனார்கள். ஒரு மானும் கிடைக்கவில்லை. அவர்கள் காட்டில் தங்கியிருந்த நாள் முழுதும் நான் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ரைபிளைத் திருத்த எங்களிடம் நூறு விதமான பெட்டி இருக்கிறது, அதைப் பிடிக்கிறவரின் கண்ணைத் திருத்தத்தான் ஒன்றும் இல்லை.

முசியே மார்செல் இந்த வசந்தத்தில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டார். அடைக்கும் மேசையை விற்றுவிட்டார். இப்போது கடைக்கு வந்தால், நான் கேட்காமலே பெட்டியில் உள்ளதைக் கடைசி எழுத்துவரை சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்குகிறார்.