முருகனுக்கு நேர்ந்துவிட்ட படகு

ஆதிகேசவன் முப்பத்து நான்கு வருஷம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பின்னால் பார்த்துக்கொண்டே போனவர். அரக்கோணத்தில் கார்டு வேலை. எந்த ஊராக இருந்தாலும் அதைக் கடந்த பிறகுதான் அவர் பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று கழுத்து மாலையோடு வீட்டுக்கு வந்து, "இனிமே முன்னால உக்காந்து போற வண்டிதான்" என்று மனைவி எல்லம்மாளிடம் சொன்னார். கார் வாங்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

அவர் வாங்கியது பதினாறு அடிப் பாய்மரப் படகு. அவர்கள் குடியிருந்த திருத்தணியில் தண்ணீர் என்று பார்த்தால் மலையடிவாரத்துச் சரவணப் பொய்கை. அதிலும் ஆடிக் கிருத்திகைக்குச் சாமி மட்டும்தான் தெப்பம் ஏறுவார். எனவே படகு பழவேற்காட்டு ஏரியில் நின்றது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, விடியலில் மின்சார ரயில் ஏறி, சென்னையில் வண்டி மாறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, இருவரும் போய்ச் சேர்வதற்குள் பாதிக் காலை முடிந்துவிடும்.

முதல் நாள், படகை விற்ற மீனவர் விஜயன் சுக்கானைக் காட்டியபோதுதான் ஆதிகேசவனுக்கு விஷயம் புரிந்தது. படகை ஓட்டுகிறவன் உட்காரும் இடம் பின்னால்.

"முன்னால உக்காந்து ஓட்ற மாதிரி படகு இல்லியா?"

"முன்னால சும்மா வர்ரவங்க உக்காருவாங்க சார்."

சும்மா வந்த எல்லம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். தெருவில் எல்லோரும் அவர்களை 'ரிட்டயர்டு தம்பதி' என்றார்கள். அவளுக்கு யாரும் மாலை போடவில்லை. ஆர்.கே.பேட்டை பக்கம் இருந்த மூன்று ஏக்கரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். முழங்கால் மடங்காமல் போனதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டாள், அவ்வளவுதான். படகில் ஏறியதும் காலை நீட்டிக்கொள்ளலாம் என்பதைத் தவிர அவளுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு, சனிக்கிழமை மாலையே புளிசாதத்துக்குப் புளி ஊறவைத்துவிட்டு, "நாளிக்குப் போறோமா இல்லியா?" என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்.

ஆதிகேசவன் காற்றை ரயிலாக நினைத்தார். செல்போனில் பார்த்து, மணிவாரியாக நோட்டில் எழுதிவைப்பார். பத்தேகாலுக்குத் தென்கிழக்கு, பதினொன்றரைக்குக் கிழக்கு. எல்லம்மாள் கன்னத்தைத் திருப்பிப் பார்த்து, "இப்ப மாறும்" என்பாள். களத்தில் நாற்பது வருஷம் முறம் பிடித்து நெல்லும் வேர்க்கடலையும் தூற்றியவள். காற்று நோட்டைப் பார்க்காமல் மாறும். "லேட்டா வருது" என்று அவர் எழுதிக்கொள்வார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, கரையிலேயே அவள் சொன்னாள். "வேணாங்க. காத்து நின்னுகினு கீது. இப்டி நின்னா அப்பறம் ஒரேயடியா வரும்."

"ரெண்டு மணி வரைக்கும் கிளியர்னு செல்லுல போட்டுக்கீறான்."

பன்னிரண்டே முக்காலுக்கு, ஏரி நடுவில், அது வடமேற்கிலிருந்து வந்தது. பாய் புடைத்து, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் விளிம்பைத் தாண்டியது. ஆபத்து என்றால் பிரேக்கைப் பிடி என்பதுதான் ஆதிகேசவனுக்குத் தெரிந்த ஒரே வேதம். படகில் பிரேக் மாதிரி இருந்தது பாய்க் கயிறு ஒன்றுதான். அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பிடித்தார். படகு இன்னும் சாய்ந்தது.

"உடுங்க கயித்த! காத்து முட்டுனா முறத்தச் சாய்ச்சிடணும்! உடுங்க!"

அவர் விடவில்லை. திருத்தணி மலை இருக்கும் திசையை ஒரு வழியாக யூகித்து, உரக்கக் கத்தினார்: "முருகா! கரை சேத்துட்டீன்னா இந்தப் படகையே உனக்குக் குடுத்துடறேன்!"

எல்லம்மாள் மடங்காத காலோடு பின்னால் தவழ்ந்து வந்தாள். தண்ணீர் இறைக்கும் பெயிண்ட் டப்பாவால் அவர் மணிக்கட்டில் ஒரு போடு போட்டாள். "யோவ், உடுய்யா!" கயிறு நழுவியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு நிமிர்ந்தது. அதன்பிறகு அவள் சுக்கானையும் பிடித்துக்கொண்டு, கயிற்றைக் கொஞ்சம் விட்டும் கொஞ்சம் பிடித்தும் வர, அவர் வீங்கிய கையால் தண்ணீர் இறைத்தார். ஒன்றரை மணி நேரத்தில் கரை வந்தது.

சண்டை திரும்பும் ரயிலில் ஆரம்பித்தது.

"கயித்த உட்டது நானு. படகு அவருக்கா?"

"நான் வேண்டிகினேன், ஒடனே உன் டப்பா எறங்கிச்சு. எறக்குனது யாரு?"

ஆதிகேசவன் விதியை மீறாதவர். நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதான். இரண்டு மாதம் பழவேற்காட்டுப் பேச்சே எடுக்கவில்லை. சனிக்கிழமை மாலைகளில் எல்லம்மாள் புளியை ஊறவைத்தாள். ஞாயிறு காலையில் அதை ரசமாக வைத்தாள்.

கடைசியில் கோவில் அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். எழுத்தர் சிவப்பிரகாசம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சேவல் வாங்குவோம், கன்னுக்குட்டி வாங்குவோம். படகு... தெப்பத்துக்கு எங்க கிட்டயே ஏற்பாடு இருக்குதுங்களே. எடுத்துகினு வந்தா எங்க நிறுத்தறது?" பிறகு இரக்கப்பட்டு, "வெள்ளித் தகட்டுல உருவம் வாங்கி உண்டியல்ல போட்டுடுங்க சார். கால் வலின்னா கால் போட்றாங்க இல்ல? அந்த மாதிரி" என்றார்.

எல்லம்மாள் அவரை அங்கேயே கும்பிட்டாள்.

மலைமேல் பிரபாவதியின் கடையில் கை, கால், கண், வீடு, பாம்பு, தேள், தொட்டில் எல்லாம் தகட்டில் தொங்கின. படகு இல்லை.

"முப்பது வருசமா கடை வச்சினு கீறேன், மலமேல வந்து யாரும் படகு கேட்டதில்லமா."

எல்லம்மாள் தொட்டிலை எடுத்தாள். பிரபாவதி சிரித்தாள். "பொண்ணுக்கா, மருமவளுக்கா?"

"எங்களுக்குத்தான்."

பிரபாவதி ஆதிகேசவனை மேலும் கீழும் பார்த்தாள். அவர் பஞ்சாமிர்தக் கடைப்பக்கம் திரும்பிக்கொண்டார். "தொட்டில் எப்டி படகாவும்?" என்று மட்டும் முணுமுணுத்தார். எல்லம்மாள் தகட்டின் மேலிருந்த இரண்டு கொக்கிகளையும் கடைவாயில் வைத்துக் கடித்து மடக்கினாள். குழிந்த அடிப்பாகம் மட்டும் மிஞ்சியது.

"பாய் எங்க?"

"பாய எறக்கிட்டுத்தான கரையில நிறுத்திக்கீறோம். போடுங்க."

உண்டியல் வாயில் அவர் கை சற்று நின்றது. "இது செல்லுமா?"

"செல்லலன்னா அவரே வந்து கேக்கட்டும். ஒரு கண்டிசன். இனிமே கயிறும் சுக்கானும் எங்கிட்ட. நீங்க முன்னால."

அவர் தகட்டை விட்டார். இந்த முறை டப்பா தேவைப்படவில்லை.

தை மாதத்திலிருந்து அப்படித்தான் போகிறார்கள். ஆதிகேசவனுக்கு வாழ்நாளில் முதல்முறையாக முன் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே ஏறியதும் அவர் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். அப்படி உட்கார்ந்தால்தான் முதுகு நேராக நிற்கிறதாம்.

"முன்னால வலை கிலை ஏதாவது போட்டுக்கீறாங்களா பாருங்க" என்று எல்லம்மாள் சுக்கானிலிருந்து கத்துகிறாள்.

"அது தெரியல. பின்னால எல்லாம் சரியா கீது."