ஓர் அரவு குறைந்த ஓவியர்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில், தவரத்தினத்தின் அச்சகத்தில் வேலை செய்யும் லெய்னா ஒரு சோர்பியப் பெண். ஜெர்மனியின் கிழக்கு மூலையில், சொந்த மொழியும் கொடியும் இருந்தும் நாடு இல்லாத சின்ன இனம் அது. லைப்சிக்கில் ஓவியம் படித்தவள், காதலன் நிக்கோலாவை நம்பிப் பாரிசுக்கு வந்தாள். அவன் வேறொருத்தியோடு போய்விட்டான். நிலக்கரிச் சுரங்கம் விழுங்கிய கிராமங்களை வரைந்துகொண்டு ஓவியக்கூடங்களில் ஏறி இறங்கினாள். "இருட்டு அருமை" என்று பாராட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

வயிறு கேட்குமா? பூப்பு விழாவான சாமத்தியவீட்டின் பதாகைகளுக்குத் தாமரையும் மயிலும் வரைந்தாள். படத்தில் தாயை மெலியவைத்தாள், தகப்பனுக்குத் தலைமயிர் நட்டாள். அந்த வேலையிலேயே தமிழ் எழுத்தும் பேச்சும் படிந்துவிட்டன.

தமிழ்க் கலைக் கழகத் தலைவர் இராஜதுரைக்கு ஒரு வெள்ளைக்காரியைக் கௌரவிக்க ஆசை வந்தது. மேரியில், அதாவது நகரசபையில், மதிப்புக் கூடுமல்லவா? விழாச் சுவரொட்டியை லெய்னாவிடமே செய்யக் கொடுத்தார். அவர் எழுதித் தந்ததில் 'சேர்பிய ஓவியர்' என்றிருந்தது; பக்கத்தில் சேர்பியக் கொடி.

"அண்ணை, நான் சேர்பியர் இல்லை, சோர்பியர்."

"'சே'க்குப் பக்கத்திலை வாற ஒரு அரவுக் கால்தானே பிள்ளை குறையுது. சனம் பாக்காது."

"கொடியும் பிழை. நிறம் அதுதான், ஒழுங்கு வேறை."

"நிறம் சரியெண்டால் காணும்."

தவரத்தினம் கண்ணைக் காட்டினார். அவள் அப்படியே அச்சடித்தாள்.

விழா நாளன்று, நகருக்கு வெளியே லா கூர்னெவ் மண்டபத்தில், பெரிய இனங்கள் சின்ன இனங்களின் பெயரையே அழித்துவிடுவதைப் பற்றி இராஜதுரை பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேர்பியா தந்த செல்வி" என்று அவளை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். லெய்னா தன் தாய்மொழியில் நன்றி சொன்னாள். கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் சொன்னார்: "பிள்ளை பிரெஞ்சிலை என்ன வடிவாய்க் கதைச்சா!" பின்வரிசையில் இங்கே பிறந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வாரம் லெய்னா அடித்த நன்றிச் சுவரொட்டி கடைக்குக் கடை ஒட்டப்பட்டது. இராஜதுரை அச்சகத்துக்குள் பாய்ந்து வந்தார்.

"'மலேசியத் தமிழர் இராஜதுரை' எண்டு போட்டிருக்கிறாய்! நான் எப்பயடி மலேசியாவிலை இருந்தனான்?"

"அங்கையும் தமிழர் இருக்கினம்தானே அண்ணை. சனம் பாக்காது."

"யாழ்ப்பாணத்தான்ரை மானம் போச்சு!"

"ஓம். என்ரையும்தான்."

தவரத்தினம் அவசரமாக இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போனார். இராஜதுரை கையிலிருந்த சுவரொட்டியை மேசையில் வைத்தார்.

"சரி, ரெண்டையும் திருத்தி அடி" என்றார் கடைசியில்.

அவர் திருந்தினாரா என்றால், தம் பாணியில் திருந்தினார். இப்போது மேடைக்கு மேடை, "சோர்பிய இனத்தை லா ஷப்பலுக்கு அறிமுகப்படுத்தினவன் நான்" என்று முழங்குகிறார். லெய்னா ஊருக்குத் தொலைபேசி எடுத்துத் தாயிடம் அதைச் சொன்னாள். தாய்க்குச் சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.