அப்பா சொல்லச் சொன்னது

என்னை எல்லோரும் நல்ல பெண் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் இல்லை.

அப்பா ராணுவத்தில் இருந்தார். எனக்குப் பத்து வயதானபோது அவரைப் பனிமலை எல்லையில் போட்டிருந்தார்கள். அங்கே செல்போன் எடுக்காது. முகாமுக்கே ஒரு போன்தான். ஞாயிறு காலையில் வரிசையில் நின்றால் ஆளுக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கும். இங்கே ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குள்ளும் சிக்னல் கிடையாது. அதனால் ஞாயிறுதோறும் நானும் அம்மாவும் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருப்போம்.

அந்த ஞாயிறு அவர்களுடைய கல்யாண நாள். முந்தின வருஷம் அப்பா அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்தாள். கூட இருந்த பெண்கள் அதைச் சொல்லியே ஒரு வருஷமாக அவளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "இந்தத் தடவ நான் வாயே தொறக்க மாட்டேன். அவரா சொல்றாரா இல்லியா பாருங்க" என்று அவர்களிடம் சவால் விட்டிருந்தாள்.

காலையிலேயே தலைக்குக் குளித்துக் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். விரலில் ஏறியிருந்த தோல் ஒட்டும் பசையின் வாடை போக எலுமிச்சம்பழத் தோலைத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

"போன்ல வாசனகூடப் போகுமா?" என்றேன்.

"போடி வாயாடி" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளியில் ஏலகிரிக்கு அழைத்துப்போவதாக இருந்தார்கள். மலைப்பாதை வளைவுகளுக்குப் பயந்து அம்மா அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். மூன்று நாளாக அவளோடு டூ விட்டிருந்தேன்.

அடுப்பில் பாயசம் வைத்தது திடீரென்று ஞாபகம் வந்து அவள் கீழே ஓடினாள். "போன் வந்தா எடுத்துக்கினு கீழ வராத, கட்டாயிடும். சத்தமா கூப்புடு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

நான் கூப்பிடவில்லை.

அம்மா செய்த அநியாயத்தையெல்லாம் அப்பாவிடம் ஒப்பித்தேன். அழுதும் காட்டினேன். "அம்மா எங்க கண்ணு? அம்மாகிட்ட குடு" என்றார். "நீங்க மொதல்ல சரின்னு சொல்லுங்க" என்றேன். மறுபடி கேட்டார். நானும் மறுபடி அதையே சொன்னேன்.

"சரிம்மா, போய்ட்டு வா. டைம் ஆய்ட்ச்சு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. இன்னைக்குக் கல்யாண நாளுன்னு அப்பா மறக்கலைன்னு அம்மாகிட்ட சொல்லிடு, இன்னா?"

அவ்வளவுதான், போன் கட்டாகிவிட்டது.

அம்மா கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சே, அப்பாவா? வெச்சிட்டாரா? ஏன்டி கூப்புடல?"

உண்மையைச் சொன்னால் ஏலகிரி போச்சு. "அவரே அவசரமா வெச்சிட்டாரு. என்னை ஏலகிரிக்குப் போய்ட்டு வரச் சொன்னாரு."

"என்னைக் கேட்டாரா?"

"இல்ல."

"இன்னைக்கு இன்னா நாளுன்னு எதுனா..."

"ஒண்ணும் சொல்லல."

அம்மா கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்தாள். "பாவம், அங்க இன்னா பேஜாரோ" என்றாள். கீழே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள். பாயசம் அடிப்பிடித்திருந்தது. முதல் தம்ளரை எனக்குத்தான் கொடுத்தாள்.

மறுநாள் கம்பெனி பஸ் வரும் இடத்தில், பள்ளிக்குப் போகும் வழியில் நானும் அவளோடு நின்றிருந்தேன். "இன்னாக்கா, ஜெயிச்சியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பின்ன? எடுத்ததுமே சொல்லிட்டாரு. நான்தான் போதும் வைங்கன்னு சொல்ல வேண்டியதாப்போச்சு" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவே இல்லை.

சொல்லவே கூசுகிறது, அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவும்தான் புளுகுகிறாள், இரண்டு பேருக்கும் சரியாய்ப் போயிற்று என்று நினைத்தேன். நிம்மதியாக ஏலகிரிக்குப் போய், பாதி வளைவிலேயே வாந்தி எடுத்தேன். அப்பாவை யாரிடமும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அவள் சொன்ன பொய் அது என்பது அந்த வயதில் எனக்கு எங்கே புரிந்தது!

அப்பா, சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிட்டார். அம்மாவோ கேட்கிறவள் இல்லை. இப்போது அவர் ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் கல்யாண நாளுக்கு ஒரு வாரம் முன்பே அம்மா காலண்டரில் வட்டம் போட்டு அவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவைக்கிறாள். "இவருக்கு நாமளா சொன்னாதான் உண்டு" என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அப்பாவும் தலையாட்டிச் சிரிக்கிறார்.

எனக்கு வாய்வரைக்கும் வருகிறது. அவர் சொல்லச் சொன்னதை இன்னும் சொல்லவில்லை.