ஓடெல் ஃபேர்கிளாத் குளத்தில் குதித்த வருடம்

கொலம்பஸ் ஊரில் ராணுவ முகாமுக்குப் போகிற சாலையில் எனக்கு டயர் கடை. என் அக்கா ரெனீட்டாவின் கணவர் ஓடெல் ஃபேர்கிளாத் அந்த முகாமில் சார்ஜென்ட். சில்வெஸ்டர் என்கிற ஊருக்குப் பக்கத்தில் வேர்க்கடலை பயிரிடுகிற குடும்பத்துப் பிள்ளை. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார், பேச்சு மட்டும் வராது. அக்காவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்க வந்தவர், என் அப்பாவிடம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் அக்காவேதான் விஷயத்தைச் சொன்னாள்.

அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதில் வயலோரக் குட்டையில் விழுந்து பிழைத்தவர். அப்படிப்பட்டவர் ரேஞ்சர் என்கிற சிறப்புப் படைப் பயிற்சியின் நீச்சல் சோதனையில் எப்படித் தேறினார் என்று ஒருமுறை கேட்டேன்.

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு கையக் கால ஆட்டுனேன் மாப்ள. கரை வந்துடுச்சு" என்றார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் முகாமில் ரேஞ்சர்களுக்கான போட்டி நடக்கும். ஓர் அணிக்கு இரண்டு பேர். மூன்று நாள் ஓட்டம், ஹெலிகாப்டரிலிருந்து முகாம் குளத்தில் குதித்து நீந்துவது, துப்பாக்கி சுடுவது, கயிறு ஏறுவது, வரைபடத்தை வைத்துக்கொண்டு காட்டில் வழி கண்டுபிடிப்பது. தூக்கம் கிடையாது என்றே சொல்லலாம். ஒருவன் உட்கார்ந்துவிட்டால் மற்றவனும் வெளியே. பாதி அணிகள் முடிக்காமலே வீட்டுக்குப் போகும். ஓடெல் வருடா வருடம் என்னோடு கரையில் நின்று, அவித்த கடலையைக் கொறித்தபடி வேடிக்கை பார்ப்பார். அவ்வளவுதான்.

அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தபோது, டிராவிஸ் ஹாகன் என்கிற இளம் சார்ஜென்ட் அவரைத் தன் ஜோடியாக வரச் சொன்னான். மினசோட்டாவில் ஏரிக்கரையில் வளர்ந்தவன், தண்ணீரில் மீன். வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அவனுடைய பழைய ஜோடியை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். ஓடெல் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் அதை அக்காவிடமும் சொன்னார்.

"முடியாதுன்னது வயசுக்காகவா, தண்ணிக்காகவா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் சோள ரொட்டியைப் பிட்டுத் தின்றார். மறுநாள் டிராவிஸிடம் சரி என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, வேலைக்குப் போகுமுன் ஊர் நீச்சல் குளத்துக்குப் போனார். அந்த நேரத்தில் குளத்தின் மறுபாதியில் வயதான பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று உடற்பயிற்சி செய்வார்கள். அவர்களுக்கு இவர் நல்ல பொழுதுபோக்கு. பெர்னிஸ் என்கிற அம்மாள், "ஏம்ப்பா, நீ நீந்துறியா, இல்ல தண்ணியோட சண்டை போடுறியா?" என்று கேட்டாராம். குளிர் விடுவதற்குள் சண்டை கொஞ்சம் குறைந்தது. அழகு வரவில்லை.

போட்டிக்கு நானும் அக்காவும் முகாம் குளத்தின் கரையில் நின்றோம். பைன் மரத்து மகரந்தம் தண்ணீர்மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்தது. டிராவிஸ் முதலில் குதித்தான். ஓடெல் கதவோரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அந்த ஹெலிகாப்டர் அவரோடு திரும்பிப் போய்விடும் என்றே நினைத்தேன்.

குதித்துவிட்டார்.

தலை மேலே வந்ததும் கையை வீசி வீசி அடித்துக்கொண்டு வந்தார். டிராவிஸ் முந்திப் போகாமல் பக்கத்திலேயே நீந்தினான், வாய் ஓயாமல். கரையேறி, குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டு ஓடெல் சொன்னார்: "இவன் வாய மூடணும்னா கரைக்கு வந்துதான் ஆகணும்னு வந்தேன்."

மறுநாள் சுமையோடு நீண்ட நடை. வெயில். செம்மண் பாதையில் டிராவிஸின் பாதத்தோல் உரிந்து, பூட்ஸுக்குள் ரத்தம் ஊறிவிட்டது. அவனவன் சுமையை அவனவனே தூக்க வேண்டும் என்பது விதி, ஓடெல் வாங்கிக்கொள்ள முடியாது. டிராவிஸின் பேச்சு நின்றுபோனது. அங்கே நடந்ததைப் பிறகு அவன்தான் எங்களுக்குச் சொன்னான். ஓடெல் பேச ஆரம்பித்தாராம். கடலையைப் பிடுங்கிக் காயவைப்பது, அவர் அப்பாவின் டிராக்டர், பெண் கேட்க வந்து மழையைப் பற்றிப் பேசியது, அந்தக் குட்டை, எல்லாம்.

"பாதி எனக்குப் புரியல. ஆனா அவரு நிறுத்துனா நான் உக்காந்துருப்பேன், அது அவருக்குத் தெரியும்" என்றான் டிராவிஸ்.

கடைசி நாள் இருவரும் தோளோடு தோளாக முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். முடித்த அணிகளில் அவர்களுக்குப் பின்னால் ஒரே ஓர் அணிதான். ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னபோது அக்கா கைதட்ட மறந்து அப்படியே நின்றாள். பிறகு போய் அவரைச் சேற்றுச் சட்டையோடு கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இறைச்சி சுடும் கடையில் தட்டு நிறையச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தபோது ஓடெலின் அம்மா போனில் கூப்பிட்டார். ஜெயித்தாயா என்று கேட்டிருக்க வேண்டும்.

"இல்லம்மா. முடிச்சுட்டோம்" என்றார் ஓடெல்.

அந்த அம்மாளுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை சில்வெஸ்டர் தேவாலயத்தில் எழுந்து நின்று, தன் மகன் ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீரில் குதித்தான் என்று சபைக்கே சொன்னாராம். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கடையில் என் மேசைக்கு மேலே அவர்கள் இருவரும் கோட்டைத் தாண்டுகிற படத்தை மாட்டியிருக்கிறேன். டயர் மாற்ற வருகிற இளம் சிப்பாய்கள், இவர்கள்தான் அந்த வருடம் ஜெயித்தவர்களா என்று கேட்பார்கள். ஜெயிக்கவில்லை, முடித்தவர்கள் என்பேன். ரேஞ்சராக இருப்பவன் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டான். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பான். அவர் என் மச்சான் என்று அப்போது சொல்வேன்.